தொழிற்பழகுநரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்: வங்கி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வங்கியின் மனிதவளத் துறைக்கும் பயிற்சிப் பிரிவுக்கும் பொறுப்பு வகிக்கும் உயர் அலுவலர்களுக்கு,

தொழிற்பழகுநர் திட்டத்தை மாற்றியமைத்து நீங்கள் அனுப்பியுள்ள சுற்றறிக்கையைப் படித்தேன். தொழிற்பழகுநர்கள் இனி கிளையின் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கப்படுவார்கள் என்றும், பிரிவு பிரிவாக மாறிப் பயிலும் சுழற்சி முறை குறைக்கப்பட்டு அவர்கள் பெரும்பாலும் கவுண்ட்டரிலும் விற்பனை மேசையிலும் அமர்த்தப்படுவார்கள் என்றும், அவர்களுடைய மதிப்பீட்டில் காப்பீட்டுத் திட்டங்கள், கடன் அட்டைகள் ஆகியவற்றின் விற்பனை இலக்கும் ஓர் அளவுகோலாக இருக்கும் என்றும், குழுத் தலைவர்களுக்கு இதுவரை வாரந்தோறும் ஒதுக்கப்பட்டிருந்த பயிற்சி நேரத்துக்குப் பதிலாக இணையவழிக் காணொளிப் பாடங்கள் போதுமானவை என்றும் அதில் அறிவித்திருக்கிறீர்கள். தனித்தனியே பார்த்தால் இவை சிக்கன நடவடிக்கைகளாகத் தோன்றலாம். நான்கும் ஒன்றுசேரும்போது, கற்க வந்தவருக்குக் கற்பிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்ற நிலை உருவாகிறது. இதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்து மூட என்னால் இயலவில்லை.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்ததும் தொழிற்பழகுநராகத்தான். இன்று ஒரு கிளையின் செயல்பாட்டுப் பிரிவில் குழுத் தலைவராக இருக்கிறேன். ஆண்டுதோறும் என்னிடம் புதிய தொழிற்பழகுநர்கள் அனுப்பப்படுகிறார்கள். மேசையின் இரண்டு பக்கங்களிலும் அமர்ந்து பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

உங்கள் சுற்றறிக்கைக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது: வங்கி வேலை என்பது விதிகளும் மென்பொருள் படிநிலைகளும்தான், அவற்றைத் திரையில் காட்டிவிட்டால் வேலை பழகிவிடும் என்பது. எனக்குக் கவுண்ட்டர் வேலை கற்றுத்தந்த குழுத் தலைவரை நீங்கள் அறிந்திருந்தால் அப்படி எண்ணியிருக்க மாட்டீர்கள். ஒரு பதிவுக்கு ஒப்புதல் தருமுன் அவர் எங்களிடம் கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்: வாடிக்கையாளர் என்ன கேட்டார், நீ என்ன பதிவு செய்தாய்? இரண்டையும் எங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். சொல்லும்போதே நாங்கள் தயங்கினால் வவுச்சர் எங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

ஒருமுறை, நெடுநாள் இயக்கமின்றிக் கிடந்த ஒரு கணக்கை மீண்டும் செயல்படுத்தவும் அதில் உள்ள கைபேசி எண்ணை மாற்றவும் முதியவர் ஒருவர் வந்தார். உடன் ஓர் இளைஞர். விண்ணப்பம் சரியாக இருந்தது, அடையாள ஆவணம் சரியாக இருந்தது, புகைப்படமும் பொருந்தியது. கையெழுத்து மட்டும் சற்று நடுங்கியிருந்தது, முதுமையில் அது இயல்பே. விதிப்புத்தகத்தின்படி அந்த விண்ணப்பத்தை ஏற்கத் தடை எதுவும் இல்லை. என் குழுத் தலைவர் எழுந்து வந்து முதியவரிடம் சாதாரணமாகச் சில கேள்விகள் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இளைஞரிடமிருந்தே வந்தது. அதைக் கவனித்தவர், முதியவரை மட்டும் தனியே அழைத்து அமரவைத்துப் பேசினார். எண்ணை எதற்காக மாற்றுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எண் மாற்றப்படவில்லை. மாற்றப்பட்டிருந்தால் அந்தக் கணக்கின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அனைத்தும் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும் என்பதை நான் அன்று கற்றேன். அது இன்றுவரை எந்தப் பயிற்சித் தொகுப்பிலும் என் கண்ணில் படவில்லை. அருகில் ஒருவர் இருந்து, அந்தக் கணத்தில் எழுந்து வரவும் பிறகு பத்து நிமிடம் விளக்கவும் அவருக்கு நேரம் இருந்ததால் மட்டுமே எனக்கு அது கிடைத்தது.

மாலையில் கையிருப்புப் பணமும் கணினிக் கணக்கும் பொருந்தாவிட்டால் அவர் நடந்துகொண்ட விதமும் அத்தகையதே. யார் செய்தது என்று கேட்கமாட்டார்; எந்த வவுச்சரில் என்று கேட்பார். வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்கலாம் என்றும், இரட்டைப்படைத் தொகையாக இருந்தால் அதன் பாதித் தொகைக்கு ஒரு வவுச்சர் இருக்கிறதா, பற்றில் எழுத வேண்டியது வரவில் விழுந்ததா என்று தேட வேண்டும் என்றும் எங்களோடு உட்கார்ந்து காட்டுவார். தவறை முதலில் சொல்பவர் அந்தக் குழுவில் திட்டு வாங்கியதில்லை. அதனால் தவறுகள் அன்றைய மாலையிலேயே வெளியே வந்தன, அன்றைய மாலையிலேயே சரிசெய்யப்பட்டன.

இது ஒருவருடைய நல்ல குணம் பற்றிய செய்தி மட்டும் அன்று. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருக்கக் கண்டார். அவர்கள் அதிகம் தவறியதால் அன்று, தவறைச் சொல்ல அஞ்சாததால் அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட விளக்கம். பணத்தைக் கையாளும் குழுவுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மருந்தோ பணமோ, பிழையை மறைக்கக் கற்றுக்கொண்ட புதியவர் அந்தப் பழக்கத்தோடுதான் மேலே வருவார்.

அடுத்து நான் அனுப்பப்பட்ட பிரிவில் நிலைமை வேறு. அங்கே குழுத் தலைவர் திறமையானவர், நல்லவரும்கூட. ஆனால் மூன்று பேர் பார்க்க வேண்டிய கடன் கோப்புகள் அவர் ஒருவர் மேசையில் குவிந்திருந்தன. தொழிற்பழகுநர்களாகிய நாங்கள் பதிவுகளைச் செய்வோம். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். நெருக்கடி மிகுந்த நாள்களில் தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எங்களிடமே கொடுத்துவிடுவார். பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்ற விதி ஆவணங்களில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. நடைமுறையில், வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவரின் கையில் இரண்டு பொறுப்புகளும் இருந்தன. தணிக்கையாளர் வந்தால் எந்தக் குறையும் தென்படாது, ஏனெனில் கணினியில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஆள் கணக்கில் தொழிற்பழகுநரைச் சேர்த்துவிட்டு நிரந்தரப் பணியிடத்தைக் குறைக்கும் ஒவ்வொரு கிளையிலும் இந்த நிலைமைதான் உருவாகும் என்று அஞ்சுகிறேன். குழுத் தலைவர் விதியை மீற விரும்புவதால் அப்படி ஆவதில்லை. விதியைக் கடைப்பிடிக்கத் தேவையான ஆள் இல்லாததால் ஆகிறது.

இந்த இரட்டைப் பொறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வங்கித் துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1762இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் 82.7 கோடி பவுண்டு நட்டத்தோடு வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற ஒருவரே வணிகத்தையும் நடத்தினார், அந்த வணிகத்தைக் கணக்கில் தீர்க்கும் பிரிவையும் கவனித்தார். இரண்டையும் ஒருவரிடம் விட்டுவைப்பது ஆபத்து என்று 1994இல் அந்த வங்கியின் உள் தணிக்கையே சுட்டிக்காட்டியும் பொறுப்புகள் பிரிக்கப்படவில்லை. பலரும் இந்தக் கதையைப் பேராசையின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உறைப்பது அதன் தொடக்கம். நட்டங்களை மறைக்கப் பயன்பட்ட 88888 என்ற பிழைக் கணக்கு (தவறாக நடந்த வணிகங்களைப் பதிந்துவைக்கும் கணக்கு), லீசனே பின்னர் கூறியபடி, முதலில் பயன்பட்டது குழுவில் இருந்த ஒரு சக ஊழியரின் பிழையை மறைப்பதற்காக. வாடிக்கையாளர் வாங்கச் சொன்ன 20 எதிர்கால வணிக ஒப்பந்தங்களை அந்த ஊழியர் விற்றுவிட்டிருந்தார். அதனால் வந்த நட்டம் 20,000 பவுண்டு. அந்தத் தொகையை அன்றே மேலிடத்தில் சொல்லியிருந்தால் ஒரு கண்டிப்போடு முடிந்திருக்கும். சொல்ல முடியாத ஒரு குழுவாக அது இருந்தது. வங்கி இறுதியில் ஒரே ஒரு பவுண்டுக்கு நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

விற்பனை இலக்கு பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதன் விளைவை இப்போதே என் கண்முன் காண்கிறேன். புதிய முறை முன்னோட்டமாக நடந்த ஒரு கிளையிலிருந்து என் குழுவுக்கு மாறி வந்த தொழிற்பழகுநர் ஒருவர், ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவருக்கு நிலை வைப்பு என்ற எண்ணம் வரும்படி ஒரு காப்பீட்டுத் திட்டத்தை அங்கே விற்றிருந்தார். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தவணை கட்ட வேண்டும் என்பதோ, இடையில் விலகினால் போட்ட பணம் முழுவதும் திரும்பாது என்பதோ அந்த வாடிக்கையாளருக்குச் சொல்லப்படவில்லை. நான் அந்த இளைஞரிடம் தனியே பேசினேன். அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். வைப்புக்கும் காப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கே தெளிவாகத் தெரியாது. இலக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வேலை நிலையாகுமா ஆகாதா என்ற கவலையோடு ஒவ்வொரு நாளும் வருபவர் முன் நீங்கள் ஒரு எண்ணை வைத்தால், அவர் அந்த எண்ணைத்தான் பார்ப்பார், எதிரில் இருக்கும் வாடிக்கையாளரைப் பார்க்க மாட்டார். நிரந்தர ஊழியரால் தவறான விற்பனையை மறுக்க முடியும். மறுத்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தொழிற்பழகுநருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கணக்குகள் என்று வகுத்த இலக்கின் அழுத்தத்தில், வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் இலட்சக்கணக்கான கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். 2020இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட தீர்வில் மேலும் 300 கோடி டாலர் செலுத்த வேண்டியிருந்தது. வேலையை இழந்தவர்களில் பெரும்பாலோர் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். இலக்கை வகுத்தவர்கள் அதன் விலையைத் தொடக்கத்தில் கொடுக்கவில்லை. அந்த வங்கி தன் இலக்குகளைக் கைவிட்ட பிறகு, அத்தகைய இலக்குகளை இன்னும் வேலை கற்கும் நிலையில் இருப்பவர்கள் மீது நாம் ஏன் சுமத்துகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

குழுத் தலைமை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் வங்கியில் ஒருவர் குழுத் தலைவராவது பெரும்பாலும் அவருக்கு நடைமுறைகள் நன்றாகத் தெரியும் என்பதால்தான். என்னை அந்த இருக்கையில் அமர்த்தியபோது கணினியில் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. மனிதர்களை நடத்துவது எப்படி என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே தவணையில் எவ்வளவு வேலையை ஒப்படைக்கலாம், குறையை எப்போது தனியே சொல்ல வேண்டும், எப்போது குழு முழுவதற்கும் பாடமாக வைக்க வேண்டும், கவுண்ட்டரில் வரிசை நீளும்போது புதியவரை விரைவுபடுத்துவதா அல்லது அவரை எழுப்பிவிட்டு நாமே அமர்வதா என்பவற்றை எல்லாம் என் முதல் குழுத் தலைவர் செய்தவற்றை நினைவுகூர்ந்தே கற்றேன். அவரிடம் பயின்ற காலமே எனக்குக் கிடைத்த குழு நிர்வாகப் பயிற்சி. ஆகவேதான், இன்றைய தொழிற்பழகுநர்களிடமிருந்து நீங்கள் பறிப்பது அவர்களுடைய இந்த ஓராண்டை மட்டும் அன்று என்கிறேன். பத்தாண்டு கழித்து இவர்கள் குழுக்களை நடத்தும்போது பின்பற்ற இவர்கள் கண்ட முன்மாதிரி எது?

நான் என் குழுவில் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. புதியவர் முதலில் அருகில் அமர்ந்து பார்ப்பார். பிறகு நான் அருகில் இருக்க அவர் செய்வார். பிறகு அவர் தனியே செய்ய நான் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பேன். கடைசியாக, தனக்குப் பின் வந்தவருக்கு அந்த வேலையை அவர் விளக்குவார். விளக்கும்போதுதான் எது புரியவில்லை என்பது அவருக்கே தெரியவரும். மூன்றாவது கட்டத்தில் நேரம் அதிகம் செலவாகும். அந்த நேரத்தைத்தான் உங்கள் சுற்றறிக்கை எடுத்துவிடுகிறது. என் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் வைப்புத் தொகைக்கு இடம் இருக்கிறது, கடன் வசூலுக்கு இடம் இருக்கிறது, காப்பீட்டுக்கு இடம் இருக்கிறது. எத்தனை பேரை வங்கிப் பணிக்குத் தகுதியாக்கினேன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆக, கற்பிக்கும் குழுத் தலைவர் தன் மதிப்பெண்ணை இழந்தே கற்பிக்கிறார். எத்தனை பேர் நெடுநாள் அப்படிச் செய்வார்கள்?

காணொளிப் பாடங்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு விதிகள், பணச் சலவைத் தடுப்பு விதிகள், படிவங்களின் வகைகள் ஆகியவற்றைக் காணொளியில் கற்பது நல்லதே. குழுத் தலைவரின் நேரமும் மிச்சமாகும். ஆனால் அப்படி மிச்சமாகும் நேரம் அருகில் அமர்ந்து கற்பிப்பதற்கே திரும்பி வர வேண்டும். ஆள் பற்றாக்குறை உண்மையானது என்பதையும், கிளைகளின் செலவு உங்கள் மீது சுமத்தும் அழுத்தத்தையும் நான் மறுக்கவில்லை. அதற்கு விடை பணியாளர்களை நியமிப்பது. கற்க வந்தவரைப் பணியாளர் என்று பெயர் மாற்றுவது அன்று.

வேறு இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் வங்கித் தொழிற்பயிற்சி பொதுவாக 3 ஆண்டுகள் நீடிக்கிறது. கிளையில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம் என இரண்டும் இணைந்தே நடக்கின்றன. 1969இல் அங்கே இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம், பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலைகளை மட்டுமே பயில்பவருக்குத் தரலாம் என்கிறது. பயிற்றுவிப்பவருக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 2017இல் திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, ஊதியம் பெறும் நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு அன்றாட வேலைக்கு வெளியிலான பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதி செய்தார்கள். இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமும் பழகுநரைப் பயிற்சி பெறுபவர் என்றே வகைப்படுத்துகிறது, தொழிலாளி என்று அன்று. தொழிலாளிக்குரிய பாதுகாப்புகள் பல அவருக்கு இல்லாமல் போவதற்கு அந்த வகைப்பாடே காரணமாக அமைகிறது. பாதுகாப்பு என்று வரும்போது அவர் பயிற்சி பெறுபவர், ஆள் கணக்கு என்று வரும்போது அவர் பணியாளர் என்று இரண்டு விதமாக வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் நியாயம் இல்லை.

ஆகவே உங்களிடம் பின்வருவனவற்றைக் கேட்கிறேன். முதலாவதாக, தொழிற்பழகுநர்களைக் கிளையின் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கும் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். அதைக் காரணம் காட்டிக் குறைக்கப்பட்ட பணியிடங்களை மீண்டும் நிரப்புங்கள். அவர்களுடைய மதிப்பீட்டிலிருந்து விற்பனை இலக்கை முழுமையாக நீக்குங்கள். விற்பனையை அவர்கள் கற்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஒரு திட்டத்தை வாடிக்கையாளருக்கு நேர்மையாக விளக்கத் தெரிகிறதா, அவருக்கு அது பொருந்தாது என்று சொல்லத் தெரிகிறதா என்று மதிப்பிடுங்கள்.

சுழற்சி முறையை முன்பிருந்த கால அளவோடு மீட்டுத் தாருங்கள். கவுண்ட்டர், கணக்குத் தொடங்குதல், கடன், பணப் பரிமாற்றம் ஆகியவற்றோடு கணக்கு ஒப்பீட்டுப் பிரிவிலும் உள் தணிக்கையிலும் சில வாரங்களாவது அவர்கள் இருக்க வேண்டும். தவறுகள் எங்கே கண்டுபிடிக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தவர் அவற்றை எளிதில் செய்யமாட்டார். ஒப்புதல் அதிகாரமோ பிறரது கடவுச்சொல்லோ தொழிற்பழகுநர் கையில் ஒருபோதும் இருக்கக் கூடாது என்று எழுத்து வடிவில் ஆணையிடுங்கள். அந்த ஆணை மீறப்படும் கிளையில் முதலில் வேலைப்பளுவை ஆராயுங்கள், பிறகு தனிநபரை விசாரியுங்கள்.

குழுத் தலைவர்களின் வாராந்தரப் பயிற்சி நேரத்தைத் திரும்ப ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கு ஈடாகக் கிளையின் இலக்கைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அது ஏட்டில் மட்டுமே இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்கும் குழுத் தலைவருக்குக் குழுவை நடத்தும் பயிற்சி அளித்த பின்னரே அவரிடம் தொழிற்பழகுநரை அனுப்புங்கள். எங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் கற்பித்தலுக்கு ஓர் இடம் தாருங்கள். அதற்கான மதிப்பெண்ணைத் தருவதில் பயின்றவர்களின் கருத்தும் கேட்கப்படட்டும். தம் கிளைக்கு வெளியே, தம் மதிப்பீட்டில் எந்தப் பங்கும் இல்லாத ஓர் அலுவலரிடம் தொழிற்பழகுநர்கள் அச்சமின்றிப் பேச வழி செய்யுங்கள்.

காப்பீட்டுத் திட்டம் தவறாக விற்கப்பட்ட வாடிக்கையாளர்கள் முன்னோட்டக் கிளைகளில் வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து, அவர்களுடைய பணத்தைத் திருப்பித் தருவதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அந்த விற்பனைகளுக்காக எந்தத் தொழிற்பழகுநர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இலக்கை அவர்கள் வகுக்கவில்லை.

அடுத்த பயிற்சிக் குழு சேருமுன் இம்மடலுக்கு எழுத்து வடிவில் பதில் தாருங்கள். அதை எனக்கு மட்டும் அனுப்பாமல், தொழிற்பழகுநர்கள் பணியில் இருக்கும் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தொழிற்பழகுநர், இந்நாள் குழுத் தலைவர்